காலை எட்டு மணி வகுப்பில் தூக்கத்தைப் பற்றிப் பாடம்

கல்லூரியில் உடல்நலப் பாடம் எடுப்பதைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலும் ஆசிரியர்கள், நடுவில் சில மாணவர்கள், ஒரு அம்மா. மருத்துவமனையில் செவிலியராக இருந்துவிட்டு அப்புறம் கல்லூரிக்குப் பாடம் எடுக்க வந்தவள் நான். பதில்களில் வார்டு வாசனை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பாடம் வேதியியல். 'தனிநபர் உடல்நலமும் முழுநலமும்' என்று முதலாமாண்டுக்குப் புதிதாக ஒரு பாடம் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அதுவும் காலை எட்டு மணிக்கு. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் நலம் என்பதற்கு வரையறை இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாமா?
— ஒரு விரிவுரையாளர்

தாராளமாக, முதல் நாளே வகுப்பைத் தூங்க வைக்க விருப்பம் இருந்தால். அந்த வரையறை எது என்று எனக்குத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தில், 1948இல் நடைமுறைக்கு வந்தது. நோய் இல்லாமல் இருப்பது மட்டும் போதாது, உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான நல்வாழ்வு வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த அளவுகோலை வைத்தால் உங்கள் வகுப்பில் ஒருவரும் தேற மாட்டார்கள், நீங்களும் சேர்த்து. அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் அதோடு சண்டை போடும் பக்குவத்துக்கு அப்போது வந்திருப்பார்கள்.

தூக்கத்தில் தொடங்குங்கள். எட்டு மணி வகுப்பு கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம், பாடப்பொருள் எதிரிலேயே உட்கார்ந்து கொட்டாவி விடும். அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: பருவ வயதில் உடம்பின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கத் தொடங்கும் நேரமே தாமதமாகிறது. மேரி கார்ஸ்கடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார். இருபது வயதை ஒட்டித்தான் அந்தத் தாமதம் மெல்லக் குறையத் தொடங்கும். ஆக, 18 வயதுப் பையன் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு விழித்துக் கிடப்பதற்குச் சோம்பலோ கைபேசியோ மட்டும் காரணம் கிடையாது. இதைச் சொல்லும்போது பின்வரிசை நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். தூக்கத்தைப் பற்றி ஒருவர் திட்டாமல் பேசுவதை அவர்களில் பலர் அன்றைக்குத்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் உங்கள் சொந்த ஊருக்கே வந்துவிடலாம், வேதியியலுக்கு. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் ஏற்பியில், அதாவது நரம்புச் செல்லில் தனக்கென இருக்கும் இருக்கையில், போய் அமரும்போது தூக்கம் அழுத்துகிறது. காபியிலும் தேநீரிலும் இருக்கும் காஃபீன் மூலக்கூறு அதே ஏற்பியில் பொருந்தும், ஆனால் தூக்கத்தைத் தூண்டாது. ரயிலில் ஜன்னலோர இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டுப் போகிற ஆள் மாதிரி, தானும் உட்காராது, உரியவரையும் உட்கார விடாது. அடினோசின் எங்கும் போய்விடவில்லை, நின்றுகொண்டே இருக்கிறது. காஃபீன் விலகியதும் மொத்தமாக வந்து அமர்கிறது. காஃபீனின் அரை ஆயுள் சராசரியாக 5 மணி நேரம், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் நீளும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கிறது, கால் பங்கு விடிகாலை 3 மணிக்கு. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுக் காட்ட வேண்டாம், ஒரு மாணவரைப் பலகைக்குக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள்.

முதல் வார வேலை ஒரு தூக்கக் குறிப்பேடு. படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசியாகக் காஃபீன் உள்ளே போன நேரம், பகல் தூக்கம். அவ்வளவுதான். அந்த வாரம் நீங்கள் எந்த அறிவுரையும் சொல்லக் கூடாது. வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் குறிப்பேட்டைத் திறந்து, வேலை நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் எழும் நேரம் எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதுக்கு 7 முதல் 9 மணி நேரம் என்பது அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015இல் கொடுத்த அளவு. அதை நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர்கள் கேட்பார்கள். கேட்ட பிறகு சொல்லுங்கள்.

கேள்வி: மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். தினமும் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறேன். எரிந்து விழுகிறாள். நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்?
— ஒரு தாய்

தப்பே இல்லை அம்மா. ஆனால் இரண்டுமே 'ஆமாம்' என்று சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்விகள், அதுவும் தினமும் அதே இரண்டு. "இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் தனியாக இருக்கிறாளா, யாரோடு பழகுகிறாள், நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்பது அந்தப் பதிலிலேயே வந்துவிடும். தினமும் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

கேள்வி: நலத்தின் ஆறு பரிமாணங்கள் என்று பாடத்தில் இருக்கிறது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள், தேர்வில் ஒன்று விடாமல் எழுதுகிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. இதை எப்படி உயிரோடு நடத்துவது?
— ஓர் உடற்கல்வி ஆசிரியர்

உடல், மனவுணர்வு, சமூகம், அறிவு, தொழில், ஆன்மிகம். இந்த ஆறும் பில் ஹெட்லர் என்ற மருத்துவர் 1976இல் வகுத்தது. அவர் அப்போது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகத்தில் மாணவர்களின் உடல்நலப் பணியில் இருந்தார். அதாவது இந்தப் பட்டியல் பிறந்ததே கல்லூரி மாணவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம். அவருக்கு முன்னால், 1950களின் கடைசியிலேயே ஹால்பர்ட் டன் என்ற இன்னொரு அமெரிக்க மருத்துவர், நோய் இல்லாமைக்கு மேலே ஓர் 'உயர்நிலை நலம்' உண்டு என்று பேசிவந்தார். நாட்டின் பிறப்பு இறப்புக் கணக்கு வைக்கும் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். வருஷக்கணக்காகச் சாவை எண்ணி அலுத்துப்போய்த்தான் அந்தப் பக்கம் யோசித்தாரோ என்னவோ.

சரி, வகுப்புக்கு வருவோம். பட்டியலை நடத்தாதீர்கள், ஓர் ஆளை நடத்துங்கள். நான் கொடுப்பது ஒரு கற்பனை மாணவி. இரண்டாமாண்டு. கட்டணம் கட்டுவதற்காக வாரத்தில் நாலு இரவு வேலைக்குப் போகிறாள். காலை வகுப்பில் தலை சாய்கிறது. போன பருவத்தில் ஒரு பாடம் போய்விட்டது. தோழிகள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இப்போது கூப்பிடுவதில்லை. அடிக்கடி தலைவலி, மாத்திரை போட்டுக்கொள்கிறாள். மூன்று பேர் சேர்ந்து ஒரு தாளில் இவளுடைய பிரச்சினைகளை எழுதி, எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போட வேண்டும். எங்கே கை வைத்தால் அதிக அம்புகள் மாறும் என்று சொல்ல வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் "நேரத்தைத் திட்டமிட வேண்டும்" என்றுதான் எழுதிக் கொடுக்கும். சின்ன வயதிலிருந்து நாம் சொல்லிக்கொடுத்தது அதுதானே. கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அந்த வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும் யாராவது ஒருவர் வகுப்பில் இருப்பார். அவர் சொல்வார், "அவளுக்கு வேண்டியது கால அட்டவணை இல்லை, உதவித்தொகைக்கான விண்ணப்பம்." அந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஹெட்லரின் ஆறில் பணம் என்று தனியாக இல்லை என்பதை அப்போது சுட்டிக் காட்டுங்கள். பிற்பாடு வந்த எட்டுப் பரிமாணப் பட்டியலில் பணமும் சுற்றுச்சூழலும் சேர்ந்தன. பட்டியல்கள் மனிதர்கள் போட்டவை, திருத்தலாம் என்பது அவர்களுக்கே புரியும்.

தலைவலி மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள். வலி மாத்திரையை அடிக்கடி எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். ஏற்கெனவே அடிக்கடி தலைவலி வருகிறவர்களுக்கு மாதத்தில் பாதி நாள் சாதாரண வலி மாத்திரை என்பதே அந்த ஆபத்தான எல்லை. இது தெரியாமல் விழுங்குகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு.

கேள்வி: புகையால் கெட்டுப்போன நுரையீரல் படங்கள், விபத்துப் படங்கள் எல்லாம் திரையில் காட்டுகிறேன். மாணவர்கள் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். பயந்தால்தானே திருந்துவார்கள்?
— ஒரு முதுநிலை ஆசிரியர்

பயப்படுவார்கள். திருந்துவார்களா என்பது வேறு கேள்வி. அதற்கு 1965இலேயே ஒரு நல்ல பதில் வந்துவிட்டது. ஹாவர்ட் லெவன்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் யேல் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய கையேடுகள் கொடுத்தார்கள். சிலருக்குக் குலைநடுங்கும் படங்களோடு, சிலருக்கு மென்மையாக. பயங்கரமான கையேட்டைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் சொற்பம்தான், 3 சதவீதம் அளவில். இன்னொரு பிரிவுக்குக் கையேட்டோடு வளாகத்தின் வரைபடமும் கொடுத்து, அதில் சுகாதார மையத்தை வட்டமிட்டுக் காட்டி, அந்த வாரம் எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக முடியும் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். இறுதியாண்டுக்காரர்களுக்கு அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தெரியாதா என்ன? தெரியும். எப்போது போவது என்பதுதான் யாரும் கேட்காத கேள்வியாக இருந்தது.

ஆகவே நுரையீரல் படத்தை ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மிச்ச நேரத்தை அந்த வரைபட வேலைக்குக் கொடுங்கள். பல் காட்டப் போக வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மாணவர், எந்தக் கிழமை, எந்த வகுப்பு முடிந்து, எந்த வழியாகப் போவார் என்று எழுதட்டும். முடிந்தால் வகுப்பிலேயே போன் செய்து நேரம் வாங்கட்டும். இது பாடம் மாதிரியே தெரியாது. உங்கள் துறைத்தலைவர் எட்டிப் பார்த்தால், வகுப்பில் போன் பேச விடுகிறார் என்று புகார்கூடப் போகலாம். போகட்டும்.

கேள்வி: 21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? நான் உடற்பயிற்சியை ஆறு தடவை தொடங்கி, ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு நாள் விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.
— ஒரு முதலாமாண்டு மாணவர்

எண்ணுவதை நிறுத்து தம்பி. அந்த 21, மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்தார். அது உன் உடற்பயிற்சிக்குப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. பழக்கத்தையே நேராக அளந்து பார்த்தது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியின் குழு. 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளையும் செயலையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை; 12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணக்குப் போட்டு மதிப்பிட்டவை. உனக்கு வேண்டிய செய்தியும் அதிலேயே இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. விட்டுப்போன மறுநாள் மறுபடி செய், ஒன்றிலிருந்து தொடங்காதே.

எவ்வளவு செய்ய வேண்டும் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் இது. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மாணவர்களின் எடையைப் பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்து, உடல் நிறை குறியீட்டில் முன்னேற்றம் காட்டுபவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். உங்கள் கருத்து?
— ஒரு கல்லூரி முதல்வர்

வேண்டாம் ஐயா. இதழ் அனுமதித்தால் இந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன்.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் குறியீட்டின் கணக்கை உருவாக்கிய அடால்ஃப் கெட்லே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெல்ஜியப் புள்ளியியலாளர், மருத்துவர் அல்ல. அவர் தேடியது மக்கள்கூட்டத்தின் சராசரியை. 1972இல் ஆன்சல் கீஸும் சக ஆய்வாளர்களும் அதற்கு இன்றைய பெயரை வைத்தபோதும் கூட்டத்தை ஆராயும் கருவியாகத்தான் பரிந்துரைத்தார்கள். எடை போடும் இயந்திரத்துக்குத் தசைக்கும் கொழுப்புக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் கபடி வீரரும் நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் மாணவரும் ஒரே எண்ணைக் காட்டலாம்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. உணவுக் கோளாறுகள் அதிகமாகத் தொடங்குவது பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும். மதிப்பெண்ணுக்காகப் பட்டினி கிடக்கத் தயங்காத பிள்ளைகள் அவர்களில் இருப்பார்கள். ஏற்கெனவே பட்டினி கிடந்து உருகும் ஒரு மாணவி உங்கள் திட்டத்தில் முதல் பரிசு வாங்குவாள். வார்டில் அப்படிப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். நாடித்துடிப்பு நாற்பதில் நிற்கும், அப்போதும் எடை குறைந்ததா என்றுதான் கேட்பார்கள்.

முன்னுதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் லிங்கன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2006இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கி, குறியீடு 30ஐ, அதாவது உடல்பருமன் என்று கொள்ளும் எல்லையை, தொட்டவர்கள் ஓர் உடற்தகுதிப் பாடத்தைப் படித்தால்தான் பட்டம் என்று விதி வைத்தார்கள். அந்த மாணவர்கள் இறுதியாண்டுக்கு வந்ததும் பெரிய சர்ச்சையாகி, 2009 இறுதியில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டார்கள்.

எடை எடுக்கச் செலவாகும் பணத்தையும் நேரத்தையும் விளையாட்டுத் திடலில் விளக்குப் போடச் செலவிடுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகும் நடக்க இடம் இருந்தால் நடப்பவர்கள் நடப்பார்கள்.

கேள்வி: பாலியல் நலம் பற்றிய அலகை எல்லா ஆசிரியர்களும் 'நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்குத் தாண்ட விருப்பமில்லை. ஆனால் வகுப்பில் கேள்வி கேளுங்கள் என்றால் ஒரே சிரிப்பு, அப்புறம் நிசப்தம்.
— ஓர் உதவிப் பேராசிரியை

சீட்டு முறை வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நிறத் தாள். எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் 'எனக்குக் கேள்வி இல்லை' என்று மூன்று தடவை எழுத வேண்டும். இல்லாவிட்டால் யார் பேனா ஓடுகிறது என்று பக்கத்து பெஞ்சு பார்த்துக்கொண்டிருக்கும். பெட்டியை அன்றைக்குத் திறக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். விஷமத்துக்கு எழுதிய சீட்டும் நாலு இருக்கும். அவற்றிலும் பாதி, விஷம வேஷம் போட்ட நிஜக் கேள்விதான். கொச்சையை நீக்கிவிட்டுப் பதில் சொல்லுங்கள், சிரிப்பு அடங்கிவிடும்.

என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'எனக்கு இருப்பது இயல்பா' என்பதுதான் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வரும். மாதவிடாய் வலி எவ்வளவு வரைக்கும் சகஜம் என்று வரும். அதற்குப் பதில்: வலியால் வகுப்புக்கே வர முடியாமல் போனால் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும். பால்வினைத் தொற்று வந்தால் தெரிந்துவிடாதா என்று வரும். தெரியாது. கிளமிடியா போன்றவை பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும், பரிசோதனைதான் வழி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி பற்றி அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். பாலுறவு தொடங்குவதற்கு முன் போட்டால் பலன் மிக அதிகம். அது பெண்களுக்கு மட்டுமானது என்ற நினைப்பையும் சேர்த்துத் திருத்துங்கள்.

அப்புறம், 'வேண்டாம் என்று எப்படிச் சொல்வது' என்ற சீட்டு நிச்சயம் வரும். அதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள். வேண்டாம் என்று சொன்னவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அதே வகுப்பில் பேசுங்கள்.

கேள்வி: தேர்வு அறைக்குள் போகும்போது நெஞ்சு படபடக்கிறது. என்ன செய்ய?
— ஒரு மாணவி

மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்துக்கொள், ஒரு சில நிமிடம் போதும். 'அமைதியாக இரு' என்று உனக்கு நீயே உத்தரவு போடாதே. 2014இல் அலிசன் உட் புரூக்ஸ் நடத்திய சோதனைகளில், தங்களை அமைதிப்படுத்த முயன்றவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப்பேச்சிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். படபடப்பு தேர்வு இல்லாத நாளிலும் வந்தால், அல்லது மயக்கம் வந்தால், மருத்துவரைப் பார்.

கேள்வி: மன அழுத்தம் பற்றிப் பாடம் எடுத்த அன்று, வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் தங்கி நின்றான். "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். இனி இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்

முதலில், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அந்த மாணவனைத் தேடிப் போங்கள். 'அன்றைக்கு நீ சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன், இப்போது எப்படி இருக்கிறாய்' என்று கேளுங்கள். தாமதமாகக் கேட்பது ஒன்றும் குற்றம் இல்லை.

அடுத்து, நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பலருக்கு நிம்மதிதான் வருகிறது. 'ஆமாம்' என்றால், எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். யோசித்து வைத்திருந்தால் அவனை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. ஆலோசகரின் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவது போதாது, கூடவே நடந்துபோய் அந்த அறையில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள். ஆலோசகர் இல்லையென்றால் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இடையில் உங்கள் அடுத்த வகுப்பு போனால் போகட்டும்.

'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். பருவத்தின் முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: "நீங்கள் எழுதுவதும் சொல்வதும் என்னோடு இருக்கும். ஆனால் யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வேன்." இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் பின்னால் துரோகமாகத் தெரியாது.

நீங்கள் மருத்துவராக வேண்டியதில்லை. சரிசெய்வது உங்கள் வேலையும் இல்லை. வாழ்நாளில் வரும் மனநோய்களில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகிறது என்று 2005இல் ரொனால்ட் கெஸ்லரின் குழு அமெரிக்காவில் கண்டது. அதாவது முதலில் கண்ணில் படுவது பல நேரம் கல்லூரி ஆசிரியருக்கு. பருவம் தொடங்குமுன் ஆலோசகரை நேரில் போய்ப் பார்த்து, முகம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் மாணவனைக் கூட்டிப்போவதைவிட, 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொல்லிக் கூட்டிப்போவது எளிது.

கேள்வி: எடைக்கு மதிப்பெண் போடக் கூடாது என்று எங்கள் ஊழியர் கூட்டத்தில் நீங்கள் ஒருமுறை பேசினீர்கள். சரி, ஆனால் ஏதாவது ஒன்றுக்கு மதிப்பெண் போட்டுத்தானே ஆக வேண்டும்?
— ஒரு தேர்வுப் பொறுப்பாளர்

யோசித்த விதத்துக்குப் போடுங்கள். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் அப்படியே கவனித்து, அப்புறம் ஒரே ஒரு மாற்றம் செய்து சில வாரம் பார்த்து எழுத வேண்டும். என்ன எதிர்பார்த்தார், என்ன நடந்தது, ஏன் என்று நினைக்கிறார். முயற்சி படுதோல்வி அடைந்தாலும் காரணத்தைச் சரியாகப் பிடித்திருந்தால் முழு மதிப்பெண்.

சீக்கிரம் தூங்க வேண்டும் என்று ஒரு மாணவர் எடுத்துக்கொண்டார். கைபேசியை மேசையில் வைத்தார், பலனில்லை. கண்ணை மூடிக்கொண்டார், பலனில்லை. மூன்றாவது வாரக் குறிப்பில்தான், அறைத்தோழர் நள்ளிரவு வரை விளக்கைப் போட்டுப் படிக்கிறார், அவரிடம் சொல்லத் தனக்குத் தைரியம் இல்லை என்று எழுதியிருந்தார். தூக்கப் பிரச்சினை என்று நினைத்தது வாய் திறந்து கேட்கத் தெரியாத பிரச்சினையாக இருந்தது. அவர் கடைசிவரை நேரத்துக்குத் தூங்கவில்லை. அந்த வகுப்பில் மிக அதிக மதிப்பெண் அவருக்குத்தான் போட்டேன்.

உடல்நலம் பற்றி வரும் ஒரு பரபரப்புச் செய்தியை எடுத்து, அது எங்கிருந்து கிளம்பியது, எத்தனை பேரிடம் ஆராய்ந்தது, எலியா மனிதரா என்று தேடிப் பார்த்து எழுதச் சொல்வது இன்னொரு நல்ல வேலை. திருத்துகிற உங்களுக்கும் பொழுது போகும்.

ஒன்றே ஒன்று. யாருக்கும் தன் அந்தரங்கத்தை எழுத வேண்டிய கட்டாயம் வரக் கூடாது. 'தண்ணீர் குடிப்பது' என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால், அதன் பின்னால் வேறு எதுவும் இருக்கிறதா என்று தோண்டாமல் தண்ணீரையே திருத்துங்கள்.

கேள்வி: நான் புகை பிடிப்பவன். இந்தப் பாடம் எடுக்க எனக்கு யோக்கியதை உண்டா?
— ஒரு விரிவுரையாளர்

உண்டு. மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், சட்டையில் வாசனை வரும். மறைக்காதீர்கள், அதற்காக வகுப்பில் பாவமன்னிப்பு நாடகமும் வேண்டாம். விட நினைத்தால் மனஉறுதியை மட்டும் நம்பாதீர்கள். நிகோடின் ஒட்டுத்துண்டு, நிகோடின் சுவிங்கம் போன்றவை விடும் வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் நல்லது. முதல் சில நாட்கள்தான் ரொம்பக் கடுமை, பெரும்பாலானவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் தணிந்துவிடும். அந்த மாதத்தைத் தேர்வுத்தாள் திருத்தும் மாதமாகத் தேர்ந்தெடுக்காதீர்கள், மாணவர்கள் பாவம்.